வேலியில் ஒரு துளை

பிரித்தானியத் தோட்டங்களில் இரவில் வண்டு, கம்பளிப்புழு, மண்புழு ஆகியவற்றைத் தேடியுண்ணும் முள்ளெலி (தமிழகத்தின் வறண்ட புதர்நிலங்களில் வாழ்வது வேறோர் இனம்), 2020-இல் அந்நாட்டுப் பாலூட்டிகளின் செம்பட்டியலில், அதாவது உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பட்டியலில், அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. ஓரிரவில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நடக்கக்கூடிய இவ்விலங்குக்கு ஒரு வீட்டுத் தோட்டம் போதாது என்பதால், 2011-இல் தொடங்கிய ‘ஹெட்ஜ்ஹாக் ஸ்ட்ரீட்’ இயக்கம், அண்டை வீட்டாரின் இசைவுடன் வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத் துளையிடுமாறு வலியுறுத்துகிறது. அவ்வழியே முள்ளெலி தடையின்றிச் செல்லும், பெரும்பாலான வளர்ப்பு நாய்கள் நுழைய இயலாது.

முள்ளெலிக்குப் பாலும் ரொட்டியும் வைக்கும் பழைய வழக்கம் நல்லெண்ணத்தால் விளைந்த தீங்கே ஆகும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்குவதால், ஆழமற்ற தட்டில் நீரும், சிறிதளவு இறைச்சி கலந்த பூனை உணவும் வைப்பதே தக்கது. அப்பழுக்கின்றிப் பெருக்கப்பட்ட தோட்டமும் முள்ளெலிக்கு உதவாது. உடல்வெப்பமும் இதயத்துடிப்பும் வெகுவாகத் தாழ்ந்து குளிர்காலத்தைக் கழிக்கும் நீள்துயிலுக்கு, மூலையில் குவிந்த சருகுகளையே அது நாடுகிறது. பிரித்தானியர் தீமூட்டிக் கொண்டாடும் நவம்பர் 5 அன்று கொளுத்துவதற்காக முன்கூட்டியே அடுக்கப்படும் விறகுக் குவியலையும் அது அவ்வாறே தன் இருப்பிடமாகக் கொள்ளக்கூடும் என்பதால், தீ மூட்டுவதற்கு முன் அக்குவியலை வேறிடத்திற்கு மாற்றி அடுக்குதல் இன்றியமையாதது.