ஐந்தாவது சாட்சி

சித்தூரிலோ திருப்பதியிலோ மனை வாங்கும் நம்மவர்கள், எல்லைக்கல் நிற்கும் இடத்தைக் கைபேசியில் தாமே குறித்துக்கொள்வது இன்று எளிது. திரையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஏழு தசமம் வரை தெரியும். ஏழாவது தசமம் என்பது ஏறக்குறைய ஒரு செ.மீ. ஆனால் திறந்த வெளியில்கூட கைபேசியின் பிழை சுமார் 5 மீட்டர். 30 அடி அகல மனையில் அது பாதிக்கு மேல்! ஆகவே 'இடம் எது?' என்று மட்டும் கேட்டால் போதாது, 'எவ்வளவு பிசகு?' என்றும் கேட்க வேண்டும்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் அலை வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே தூரம் 300 மீட்டர் தவறும்.

கண்டுபிடிக்க வேண்டியவை நான்கு: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கருவியின் கடிகாரப் பிழை. அதற்கு நான்கு கோள்கள் போதும். ஆனால் நான்கு சாட்சிகள் மட்டும் இருந்தால் அவர்கள் சொன்னதை ஏற்பதைத் தவிர வழியில்லை. ஐந்தாவது சாட்சி வந்தபின்தான் முரண்பாடு வெளிப்படும். ஆறாவது வந்தால், தவறியது யார் என்றும் காணலாம்.

கணக்கின்படி ஒரு கோள் இருக்க வேண்டிய தூரத்துக்கும் அளந்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 'எச்சம்' என்பார்கள். கப்பல் கருவிகளுக்காக வகுக்கப்பட்ட என்.எம்.இ.ஏ. 0183 என்ற முறையில், 'ஜி.ஆர்.எஸ்.' என்னும் வரி ஒவ்வொரு கோளின் எச்சத்தையும் மீட்டரில் தருகிறது. எந்த எண் எந்தக் கோளுக்கு உரியது என்பதை 'ஜி.எஸ்.ஏ.' வரியின் வரிசையைக் கொண்டு அறியலாம். 'ஜி.எஸ்.டி.' வரி, இருப்பிடத்தின் உத்தேசப் பிழையைச் சொல்லும். பல கருவிகள் இவற்றைத் தாமாக அனுப்புவதில்லை; கட்டளையிட்டுக் கேட்க வேண்டும்.

கபில தீர்த்தத்தில் மலைச்சுவரை ஒட்டி நின்றால் வானத்தின் ஒரு பக்கம் மறைந்துவிடும். பாறையில் மோதித் திரும்பும் அலை சுற்றுவழியில் வருவதால், அந்தக் கோள் இன்னும் தொலைவில் இருப்பதாகக் கருவி எண்ணும். மற்ற எச்சங்கள் ஓரிரு மீட்டராக இருக்க, ஒன்று மட்டும் 15 மீட்டர் என்று வந்தால் சந்தேகம் அதன்மேல்தான்.

எல்லா எச்சங்களும் பூஜ்யமாக வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். நான்கே கோள்கள் இருந்தால், பிழை எவ்வளவு இருந்தாலும் அப்படித்தான் வரும். எல்லா அலைகளும் ஒரே அளவு தாமதமானாலும் எச்சம் காட்டிக்கொடுக்காது. அந்தத் தாமதம் கடிகாரப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும்.

அத்தகைய தாமதத்துக்கு முக்கியக் காரணம், மேலே உள்ள அயனி மண்டலம். நம் பகுதி காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சில நாட்களில் சூரியன் மறைந்தபின் அந்த மண்டலத்தில் குமிழிகள் எழுந்து அலைகளைக் குலைக்கின்றன. சித்தூர்-திருப்பதி சாலையிலுள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் இவற்றையும் ஆராய்கிறது.

ஆகவே திறந்த வெளியில், பகலில், பல கோள்கள் தெரியும்போது, வெவ்வேறு நாட்களில் குறித்துப் பாருங்கள். அப்போதும் அது உங்கள் நினைவுக்கான குறிப்பு மட்டுமே. அதை நம்பி அண்டை வீட்டாரோடு வழக்குக்குப் போக வேண்டாம். எல்லையைச் சர்வேயர் அளந்து சொல்லட்டும்.