காரை உயர்த்தினால் ஜாயின்ட் ஏன் தேய்கிறது?

டொயோட்டா ஹைலக்ஸின் முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றி 5 செ.மீ. உயர்த்தினால், சேஸியோடு டிஃபரன்ஷியலும் மேலே போய்விடுகிறது. சக்கரமோ தரையிலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் ஆக்சில் தண்டு கூடுதலாகச் சாய்கிறது.

அந்தச் சாய்வைத் தாங்குபவை தண்டின் இரு முனைகளிலும் உள்ள சிவி ஜாயின்ட்டுகள். வெளிப்பக்க ஜாயின்ட்டுக்குள் பொதுவாக 6 எஃகுக் குண்டுகள் இருக்கும். சாய்வு கூடக் கூட, ஒவ்வொரு சுற்றிலும் அவை தம் பள்ளங்களில் முன்னும் பின்னும் அதிக தூரம் ஓடுகின்றன, உராய்ந்து சூடேறுகின்றன. ஆனால் பெரும்பாலும் முதலில் போவது ரப்பர் பூட்தான். மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன, கிரீஸ் வெளியேறுகிறது, மணல் புகுகிறது. திருப்பத்தில் 'டக் டக்' என்று கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

எப்படித் தவிர்ப்பது? ஸ்பேசர் வைத்து டிஃபரன்ஷியலையும் இறக்கலாம். முழுவதுமாக 2.5 செ.மீ. இறக்கினால், உயர்த்தியதில் பாதி ஈடாகும். அதனடியில் கிடைத்த இடைவெளியும் அந்த அளவு குறையும். உயர்த்துவதையே மிதமாக வைப்பது இதைவிட நல்லது.

சுசுகி ஜிம்னியில் கதை வேறு. டிஃபரன்ஷியல் ஒரே இரும்பு ஆக்சிலுக்குள் சக்கரங்களோடு இருப்பதால் அங்கே சாய்வு மாறாது. சிக்கல் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு நகர்கிறது.

விட்டம் 5 செ.மீ. பெரிய டயரோ, எந்த ஜாயின்ட்டையும் சாய்க்காமல் வண்டியை 2.5 செ.மீ. உயர்த்திவிடும்.