நாயின் அடிமெத்தை: காயமும் காப்பும்

நாய் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. அதன் ஒவ்வொரு பாதத்திலும் விரல்களின் கீழ் 4 சிறு மெத்தைகளும், அவற்றின் பின்னே பெரிய மெத்தையொன்றும் உள. முன்னங்கால்களின் மணிக்கட்டுக்குப் பின்புறத்தே மேலும் ஒன்று காணப்படும். மெத்தையின் வெளிப்புறம் தடித்த கடினமான தோலாகும். உட்புறம் கொழுப்பும் மீள்தன்மையுடைய நார்களும் நிறைந்தது. ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் எழும் அதிர்ச்சியை இதுவே தாங்குகின்றது. குருதிக்குழாய்கள் செறிந்திருத்தலால், சிறு வெட்டிலிருந்தும் குருதி மிகுதியாகப் பெருகும்.

இம்மெத்தையிற் பட்ட புண் எளிதில் ஆறாமைக்குக் காரணம் யாது? நாய் ஒவ்வோர் அடியிலும் தன் புண்ணையே மிதிக்கின்றது. மூடத் தொடங்கிய வெட்டு உடற்பாரத்தால் மீண்டும் விரிகின்றது. மண்ணும் அழுக்கும் உட்புகுகின்றன. ஓயாது நக்குதலாற் புண் பெரிதாகின்றது. ஆதலின், இச்சிகிச்சைக்கு உயிர்நிலையாயிருப்பன ஓய்வும் துப்புரவுமேயாம்.

நோவுற்ற நாய் தன்னை வளர்த்தவரையுங் கடிக்கக்கூடும். ஆகவே, பாதத்தைத் தொடுமுன் ஒருவர் அதனை அணைத்துப் பிடித்திருத்தல் வேண்டும். கடிபட்டுவிடின், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். விசர்நோய் கண்டபின் அதிலிருந்து பிழைத்தல் மிக அரிதாதலால், இதில் அசட்டை கூடாது.

பின்னர்ப் பாதத்தைத் தூய நீரால் அல்லது உப்புக் கரைத்து ஆறவைத்த நீராற் கழுவுக. மேலே தெரியும் முள்ளையும் போத்தல் ஓட்டுத் துண்டையும் மெல்ல அகற்றலாம். ஆழப் பதிந்ததைப் பிடுங்கலாகாது. தூய துணியால் இடைவிடாது அழுத்தினால் குருதி நிற்கும். விரல்களினிடையே பஞ்சு வைத்து, இறுக்கமின்றிக் கட்டி, நாள்தோறும் கட்டை மாற்றுதல் வேண்டும். விரல்கள் வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுகிவிட்டதென்பது பொருள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசுதல் புண்ணையே எரிக்கும். மனிதர் உண்ணும் நோவு மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். 15 நிமிடம் அழுத்தியும் குருதி நில்லாவிடினும், வெட்டு ஆழமாயினும், சீழும் துர்நாற்றமும் தோன்றினும் மிருக வைத்தியரை நாடுதலே தகும்.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. நண்பகல் வெயிலில் தார் வீதி காற்றைவிட மிகுதியாகச் சூடேறி மெத்தையைக் கொப்புளிக்கச் செய்யும். புறங்கையை வீதியில் 7 விநாடி வைத்திருக்க இயலாதாயின், நாயும் அதில் நடக்கலாகாது. காலையும் மாலையுமே உலாவுதற்கு உகந்த வேளைகள். வெந்த பாதத்தைக் குளிர்ந்த நீரில் நனைத்தல் வேண்டும். பனிக்கட்டி வைத்தல் தவறு.

வெப்பத்தைப் போலவே பனியும் மெத்தைக்குப் பகையாகும். விரல்களினிடையே உறைந்து திரளும் பனி தோலைக் கிழிக்கும். அலாஸ்காவில் 1925 இல், தொண்டைக்கரப்பான் மருந்தை நோம் நகருக்குக் கொண்டு சென்றவை சறுக்குவண்டி நாய்களே. அங்கு 1973 முதல் நடைபெறும் இடிடரோட் நெடும் பந்தயத்தில், நாயொன்றுக்கு 8 துணிக் காலுறைகள் வைத்திருத்தல் விதியாகும். பாதம் பழுதுபட்டால் பயணமே நின்றுவிடும் என்பதை அங்குள்ளோர் நன்கறிவர்.

நாய் தன் நோவைச் சொல்லாது. நொண்டியும் நக்கியுமே உணர்த்தும். நாள்தோறும் ஒருமுறை அதன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தல் வளர்ப்பவர் கடனாகும்.