வளரும் நிறுவனமும் வேலைப் பலகையும்

நம் குடும்பங்களில் இன்று வீட்டுக்கு ஒருவராவது கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறார்கள். "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று தாத்தா பாட்டி கேட்டால், "பிளாட்பாரம் டிசைன் பண்றேன்" என்று பதில் வருகிறது. பிளாட்பாரம் என்றால் நமக்கு சிகந்தராபாத் ஸ்டேஷன்தானே நினைவுக்கு வரும்! சைனிக்புரியில் குடியிருந்துகொண்டு பல வருடங்களாக இதே வேலையைச் செய்து வருபவன் நான். 'ஒர்க் மேனேஜ்மென்ட் பிளாட்பாரம்' என்பது என்ன, அதை எப்படி அமைக்க வேண்டும் என்று எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சொந்தத் தொழில் நடத்தும் நம்மவர்களுக்கும் இது உதவக்கூடும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு நிறுவனத்தில் நடக்கும் வேலைகளையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கும் பொதுப் பலகை அது. முன்பு கரும்பலகை, இப்போது கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் தெரிகிற பலகை. நான்கு கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டும். என்ன வேலை? யார் பொறுப்பு? எப்போது முடிய வேண்டும்? இப்போது எந்த நிலையில் இருக்கிறது? யாரையும் போனில் கூப்பிடாமல் இந்த நான்கையும் தெரிந்துகொள்ள முடிந்தால் பலகை நன்றாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

வளர்ச்சியில் வரும் சிக்கல்

எனக்குத் தெரிந்த சமையல் காண்டிராக்டர் ஒருவர் இருக்கிறார். மனைவியையும் இரண்டு உதவியாளர்களையும் வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கியவர். எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை இலை, எந்த வீட்டில் வெங்காயம் கூடாது, யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தொழில் வளர்ந்து ஆட்கள் 40 பேர் ஆனார்கள். தலை மட்டும் ஒன்றுதான்!

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும் நேரத்தில் அவருக்கு ஆபரேஷன். பத்து நாள் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் டைரியைப் புரட்டினால், "ராவ் பார்ட்டி - 500" என்று ஒரு வரி. ஹைதராபாத்தில் தெருவுக்குப் பத்து ராவ்! 500 என்பது இலையா, ரூபாயா? ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாரிடம் கை நீட்டியிருக்கிறாரா? வீடு வீடாகப் போன் செய்து, ஒருவழியாகக் கல்யாணத்தை நடத்தி முடித்தார்கள். இதில் சோம்பேறித்தனம் எங்கும் இல்லை. அப்பாவின் ஞாபகசக்தியே தொழிலின் பலமாக இருந்தது. தொழில் ஓர் அளவைத் தாண்டியதும் அதுவே பலவீனம் ஆயிற்று.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 4 பேர் வேலை செய்யும் இடத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 6. அதுவே 10 பேர் ஆனால் 45. 40 பேர் ஆனால் 780! ஆட்கள் பத்து மடங்கு கூடும்போது பேச்சு 130 மடங்கு கூடுகிறது. ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975ல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கியிருக்கிறார். தாமதமாகிவிட்ட திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம்தான் அதிகமாகும் என்பது அவருடைய புகழ்பெற்ற கருத்து. 780 வழிகளில் ஓடும் பேச்சை ஒரே பலகையைப் பார்க்கும் பழக்கமாக மாற்றுவதுதான் எங்கள் வேலை.

பழைய வழிதான்

இது முழுக்கப் புதிய எண்ணம் அல்ல. சைனிக்புரி முன்னாள் படைவீரர்களின் குடியிருப்பாக உருவான இடம். இங்குள்ள பெரியவர்களுக்கு 'சார்ஜ் ஒப்படைப்பது' என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. மாற்றல் உத்தரவு வந்தால், கையிருப்பு என்ன, நிலுவை என்ன என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான் ரயில் ஏற முடியும். மாற்றல் வரும்போது மட்டும் செய்கிற அந்தக் காரியத்தை அன்றாடம் செய்வதுதான் வேலைப் பலகை.

அமெரிக்கக் கடற்படை 1958ல் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்னும் முறையை உருவாக்கியது. எந்த வேலை முடிந்தால்தான் எந்த வேலை தொடங்க முடியும் என்று வலைபோல் படம் வரைந்து காட்டும் முறை அது. ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ கொண்டுவந்தது 'கான்பன்'. உதிரிபாகங்கள் வைத்த பெட்டியோடு ஓர் அட்டை இருக்கும். பாகங்களை எடுத்துப் பயன்படுத்தும்போது அட்டை முந்திய பிரிவுக்குத் திரும்பிப் போகும். அது வந்த பிறகுதான் அங்கே அடுத்த பெட்டிக்கான பாகங்களைச் செய்வார்கள். இன்றைய மென்பொருள்களில் அட்டைகளை நகர்த்துகிறோமே, அதன் மூலம் இதுதான்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், ஒரே ஒரு பொறுப்பாளர். உதவிக்குப் பத்துப் பேர் இருக்கலாம். ஆனால் 'நானும் அவரும்' என்று இரண்டு பெயர் எழுதினால், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும், அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும் இருந்துவிடுவார்கள்.

இரண்டாவது, நிலைகள் குறைவாக இருக்க வேண்டும். வந்தது, நடக்கிறது, காத்திருக்கிறது, முடிந்தது. இந்த நான்கே பெரும்பாலான இடங்களுக்குப் போதும். இவற்றில் 'காத்திருக்கிறது' என்பதுதான் முக்கியம். யாருக்காக, எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதாவிட்டால் வேலை அங்கேயே உறங்கிவிடும். 'முடிந்தது' என்பதையும் செய்தவர் மட்டும் சொன்னால் போதாது. வேலையைக் கேட்டவரும் சரி என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கொள்ளளவு. ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று கல்யாணம்தான் செய்ய முடியும் என்றால், நான்காவது அட்வான்ஸை வாங்கும்போதே பலகை எச்சரிக்க வேண்டும். வாங்கிய பிறகு எச்சரித்துப் பயன் இல்லை.

நான்காவது, அழியாத வரலாறு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாக வேண்டும். பழி போடுவதற்காக அல்ல. நாளை புதிதாக வருபவர் கதையை முதலிலிருந்து படித்துப் புரிந்துகொள்வதற்காக. அதே சமயம் சம்பளமும் கொள்முதல் விலையும் எல்லோர் கண்ணிலும் படக்கூடாது. யாருக்கு எந்தப் பகுதியைக் காட்டுவது என்ற வரையறையைத் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். வீடு கட்டிய பிறகு கதவுக்கு இடம் தேடினால் சுவரைத்தான் இடிக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாவது, எழுதுகிறவருக்கு என்ன லாபம்? முதலாளிக்கு மட்டும் பயன்படும் பலகையில் தொழிலாளி மனம் வைத்து எழுத மாட்டார். தமிழ், தெலுங்கு, இந்தி பேசுபவர்கள் ஒன்றாக நிற்கும் சமையற்கூடத்தில் ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் என்ன ஆகும்? நிறமும் படமும் குரல் பதிவும் அங்கே எழுத்தைவிட மேலானவை. மாஸ்டருக்கு நாளைய பட்டியல் இன்றிரவே கைபேசியில் கிடைக்கிறது என்றால், அவர் கேட்காமலே பதிவு செய்வார்.

நம் ஊர்க்காரர்களின் சாதனை

இத்துறையில் உலகம் மதிக்கும் நிறுவனங்கள் சில தமிழ்நாட்டிலிருந்து வந்தவை என்பது நமக்குப் பெருமை. கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீட்டுச் சாமான்களை அனுப்பியபோது டிவி உடைந்து போயிற்று. இன்சூரன்ஸ் பணம் கேட்டு எத்தனையோ முறை எழுதியும் பலன் இல்லை. எல்லோரும் படிக்கும் இணைய மன்றம் ஒன்றில் எழுதிய பிறகு பணம் வந்தது. அவரும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010ல் சென்னையில் தொடங்கிய 'ஃபிரெஷ்டெஸ்க்', மின்னஞ்சல், தொலைபேசி, சமூக வலைத்தளம் என்று எந்த வழியில் புகார் வந்தாலும் அதற்கு ஓர் எண்ணும் ஒரு பொறுப்பாளரும் கொடுத்து ஒரே இடத்தில் சேர்த்தது. 2017ல் 'ஃபிரெஷ்வொர்க்ஸ்' என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது.

சுரேஷ் சம்பந்தம் சென்னையில் தொடங்கிய நிறுவனத்திலிருந்து 2012ல் வந்தது 'கிஸ்ஃப்ளோ'. லீவு விண்ணப்பம் யார் யார் கையெழுத்துக்குப் போக வேண்டும் என்பது போன்ற வழிமுறைகளை, புரோகிராம் எழுதத் தெரியாத ஊழியரே அமைத்துக்கொள்ள உதவுவது அது. வளரும் நிறுவனத்தின் வழிமுறை அடிக்கடி மாறும். ஒவ்வொரு முறையும் இன்ஜினியரைத் தேடி ஓட முடியுமா?

ஸ்ரீதர் வேம்பு தம் சகோதரர்களோடும் டோனி தாமஸோடும் சேர்ந்து 1996ல் தொடங்கிய 'அட்வென்ட்நெட்', 2009ல் 'ஸோஹோ' ஆயிற்று. வேலைத் திட்டங்களை நிர்வகிக்கும் மென்பொருளும் அவர்களிடம் உண்டு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் நடத்துவது என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. நம் தலைமுறை வேலை இருக்கும் ஊரைத் தேடி வந்து இங்கே குடியேறியது. ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆளும் இருக்க வேண்டியிருந்தது. எழுதி வைத்த வேலை எந்த ஊரிலிருந்தும் தெரியும் என்றால், எல்லோரும் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும் என்ற கட்டாயம் கொஞ்சமாவது குறைகிறது.

ஓர் எச்சரிக்கை

பலகை வேலையைப் பார்க்க வேண்டுமே தவிர, ஆளை உளவு பார்க்கக் கூடாது. எத்தனை நிமிடம் நாற்காலியில் இருந்தார், எத்தனை சீட்டை முடித்தார் என்று எண்ணத் தொடங்கினால், சுலபமான வேலைகளை முதலில் எடுப்பார்கள், ஒரே வேலையை மூன்றாகப் பிரித்துக் காட்டுவார்கள். கடினமான வேலையைத் தொட ஆள் இருக்காது. எண்ணிக்கை ஏறும், வாடிக்கையாளர் குறைவார். எந்த வேலை எங்கே தேங்குகிறது என்று கேட்பது நிர்வாகம். யார் தேக்குகிறார் என்று மட்டும் கேட்பது போலீஸ் விசாரணை!

சிறு தொழில் செய்பவர்களும் சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர்களும் உடனே மென்பொருள் வாங்க வேண்டும் என்பதில்லை. நீளமான ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். வேலை, பொறுப்பாளர், தேதி, நிலை. தினமும் காலையில் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து அதைப் பார்க்கும் பழக்கம் மூன்று மாதம் நிலைத்த பிறகு மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். நோட்டில் எழுதாதவர் கம்ப்யூட்டரிலும் எழுத மாட்டார்.

நான் சொன்ன காண்டிராக்டர் குணமாகி வந்து, இப்போது கல்லாவுக்கு அருகில் உட்கார்ந்து ருசியை மட்டும் பார்த்துக்கொள்கிறார். ஆர்டர் எடுப்பது மருமகள். பேர், ஊர், தெரு, முகூர்த்தம், இலை எண்ணிக்கை எல்லாம் எழுதிய பிறகுதான் அட்வான்ஸைக் கையில் வாங்குகிறார்.