உறுதியும் ஊரார் வாக்கும்: ஆங்கிலோ-சாக்சனியர் காலத்துக் காணிகள்

ஒரு காணி தன்னுடையதென்கின்றான் ஒருவன். இல்லையென மறுக்கின்றான் மற்றொருவன். உறுதி முடிக்க நொத்தாரிசு இல்லை. பதிவு செய்யக் கந்தோர் இல்லை. அளந்து படம் வரைய நில அளவையாளரும் இல்லை. இத்தகைய வழக்கு எங்ஙனம் தீரும்? 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் வந்து சேரும்வரை இங்கிலாந்திலும் அதன் மேற்கேயுள்ள வேல்சிலும் மக்கள் இந்நிலையிலேயே வாழ்ந்தனர். அரசர்தம் போர்களை விரித்துரைக்கும் நூல்கள் இவ்விடயத்திற்கு அதிக இடம் அளிப்பதில்லை. எனினும், அந்நாடுகளில் ஒரு சிற்றூரின் பழங்கதையைத் தேடிச் செல்வோர்க்கு முதலில் அகப்படுவது பெரும்பாலும் ஒரு காணிச் செய்தியே.

மேர்சியா, வெசெக்ஸ், நோதம்பிரியா முதலிய ஆங்கிலோ-சாக்சனிய இராச்சியங்களில் நிலம் 'ஹைட்' என்னும் கணக்கால் மதிக்கப்பட்டது. ஒரு குடும்பம் வாழ்வதற்குப் போதிய நிலம் ஒரு ஹைட். பிற்காலத்தில் அது பல இடங்களில் 120 ஏக்கர் எனக் கொள்ளப்பட்டதாயினும், நிலத்தின் பரப்பைக் காட்டிலும் அந்நிலம் அரசனுக்கு இறுக்கவேண்டிய கடமையின் அளவையே அச்சொல் சுட்டிற்று. வழக்கப்படி உறவினர்க்குள் இறங்கிவந்த நிலம் 'ஃபோக்லாண்ட்' எனப்பட்டது. அரசன் எழுதிக் கொடுத்த உறுதியின் வலிமையால் ஒருவன் ஆண்ட நிலம் 'புக்லாண்ட்'. முன்னையதன் இயல்பு யாது என்பதுபற்றி அறிஞர்களிடையே இன்றும் வாதமுண்டு. பின்னையதன் பயனோ தெளிவானது: உறுதி பெற்றவன் அக்காணியைத் தன் சுற்றத்தாரைக் கேளாமலே விரும்பியவர்க்கு வழங்கலாம்.

இவ்வழக்கத்தைக் கொணர்ந்தவர் கிறித்தவத் துறவியர். துறவிக்கு வழித்தோன்றல் இல்லை. மடத்துக்கோ என்றும் நிலைக்கும் நிலம் வேண்டும். கென்ற் நாட்டரசன் லோதியர் 679 ஆம் ஆண்டில் தானெற்றுத் தீவிலே பேர்ட்வால்ட் என்னும் மடாதிபதிக்கு நிலம் ஈந்த உறுதி, மூலப்படியாகவே இன்றுங் காணக்கிடைக்கும் உறுதிகளுள் மிகப் பழையது. பொதுவாக இவற்றில் அரசனின் கையொப்பம் இல்லை. சாட்சியர் பெயர்தோறும் ஒரு சிலுவைக்குறி உண்டு. கொடையை மீறுவோன் இறைவன் தண்டனைக்கு ஆளாவான் என்ற சாபமும் உண்டு. அக்காலத்தில் சாபத்திலும் உறுதியான பூட்டு வேறெதுவும் இருந்திராது.

கொடைவாசகம் இலத்தீனில் அமைய, நிலத்தின் எல்லைகள் நாளடைவில் ஊர்மொழியாகிய பழைய ஆங்கிலத்திலேயே எழுதப்படலாயின. காரணம் எளிது. எல்லையை அறிந்தவர் குருவானவர் அல்லர்; மாடு மேய்ப்பவரும் உழுபவருமே. ஓடையிலிருந்து முள்மரத்துக்கு, முள்மரத்திலிருந்து பழைய புதைமேட்டுக்கு, அங்கிருந்து வேலி வழியே மீண்டும் ஓடைக்கு என ஒரு சுற்று நடந்து முடிவதுபோல அவ்வாசகம் அமையும். அதனைக் கையிற்கொண்டு இன்றும் பல கிராமங்களில் அவ்வெல்லையைச் சுற்றிவர முடிகின்றது. பங்கின் எல்லை பல இடங்களில் அதே தடத்திற் செல்கின்றது.

அரசர்கள் இவ்வாறு வாரி வழங்கியமை யாவர்க்கும் உவப்பளிக்கவில்லை. திருச்சபையின் பெரும் வரலாற்றாசிரியரான பீட் அடிகளே 734 ஆம் ஆண்டில் யோர்க்கு நகர ஆயர் எக்பேட்டுக்கு வரைந்த கடிதத்திற் கடுமையாகக் குறைகூறினார். மடம் அமைப்பதாகச் சொல்லிப் பிரபுக்கள் உறுதி பெற்று, துறவு சிறிதுமின்றித் தம் மக்களுக்கே அந்நிலத்தை விட்டுச் செல்கின்றனர். போர்வீரர்க்கு அளிக்க நிலம் எஞ்சாமையால் இளைஞர் நாட்டைவிட்டே போகின்றனர். நாட்டைக் காப்பவர் யார் என்பது அவர் கவலை. மடத்தைச் சேர்ந்த ஒருவரே இதனைக் கூறியமையால் அச்சொல்லுக்கு வலிமை மிகுதி. மேர்சிய அரசன் எதெல்போல்ட் 749 ஆம் ஆண்டில் திருச்சபை நிலங்களைப் பிற கடமைகளினின்று விடுவித்தபோதும், பாலம் அமைக்கும் பணியையும் அரண் காக்கும் பணியையும் விட்டுக்கொடுக்கவில்லை. படைச்சேவையும் பின்னர் இவற்றோடு சேர்ந்துகொண்டது.

உறுதி இல்லாதவிடத்து ஊரார் வாக்கே சட்டம். கனூற் மன்னன் காலத்தில், அதாவது 1016 க்கும் 1035 க்கும் இடையில், வேல்சின் எல்லையை அடுத்த ஹெரிபோட் மாவட்டத்தின் மன்று கூடியது. ஆயரும் மாவட்டத் தலைவனும் ஷெரிப்பும் பிரபுக்களும் அமர்ந்திருந்தனர். எட்வின் என்பவன் எழுந்து, வெலிங்டன், கிராட்லி என்னும் இடங்களிலுள்ள நிலத்தைக் கோரித் தன்னைப் பெற்ற தாய்மீதே வழக்குரைத்தான். அவனது பெயர் ஆங்கிலப் பெயர். தந்தையின் பெயரோ எனியோன் என்னும் வேல்சுப் பெயர். எல்லைப்புறத்தில் இரு குலமும் எவ்வளவு கலந்திருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தாயின் சார்பில் மறுமொழி கூறுபவர் யார் என ஆயர் வினவினார். வெள்ளைத் தேர்க்கில் என அழைக்கப்பட்ட பிரபு, வழக்கின் விபரந் தெரியின் தான் கூறலாம் என்றான். அது தெரியாமையால், மூவர் குதிரையேறித் தாய் இருந்த போலி என்னும் ஊருக்குச் சென்று வினவினர். மகனுக்கு உரிய நிலம் தன்னிடம் ஒரு துண்டேனும் இல்லை என்றாள் அவள். பின்னர் சினங்கொண்டு, அருகிலிருந்த உறவுப்பெண் லெயோப்பிளேட்டைக் காட்டி, தனக்குப்பின் நிலமும் பொன்னும் ஆடையும் யாவும் இவளுக்கே, மகனுக்கு எதுவுமில்லை என அறிவித்தாள். வந்தவர்கள் பிரபுக்களுக்குரிய நேர்மையோடு அதனை மன்றில் உரைக்கவேண்டும் என்றும் பணித்தாள். அவர்கள் அவ்வாறே உரைத்தனர், மன்றும் ஏற்றது. லெயோப்பிளேட் வேறு யாருமல்லள், தேர்க்கிலின் மனைவியே! அவன் காலந் தாழ்த்தாது ஹெரிபோட் பேராலயத்துக்குக் குதிரையிற் சென்று, யாவர் சம்மதத்தோடும் அத்தீர்ப்பை ஒரு சுவிசேஷ நூலில் எழுதுவித்தான். மன்றில் இருந்த பிரபுக்கள் பலரின் பெயர்கள் அதிலுண்டு. அத்தாயின் பெயர் மட்டும் இல்லை.

வேல்சிலும் இதுவே முறை. லாண்டைலோ என்னுமிடத்தில் முன்னர் இருந்து, இப்போது லிச்பீல்ட் பேராலயத்திலுள்ள சுவிசேஷ நூலின் ஓரத்தில், தீர் தெலிச் என்னும் காணிபற்றிய வழக்கொன்று இலத்தீனும் வேல்சு மொழியும் கலந்து எழுதப்பட்டுள்ளது. வேல்சு மொழி எழுத்தில் அமைந்த மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று. துட்வுல்ச் என்பவன் எல்கு என்பவனிடமிருந்து அக்காணியைக் கோரினான். நெடுநாள் வாதாடித் தோற்றான். ஆயினும் நல்லோர் கூடிச் சமாதானம் பேசினர். வென்றவனாகிய எல்கு, தோற்றவனுக்கு ஒரு குதிரையும் மூன்று பசுக்களும் புதிதாய்க் கன்றீன்ற பசுக்கள் மூன்றும் கொடுத்தான். பகை தொடராதிருக்கவே இவ்வளவும். அரசன் எவனும் இத்தீர்ப்பில் தலையிட்டதாகக் குறிப்பில்லை.

1086 ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் நாடு முழுவதையும் விசாரித்து எழுதுவித்த 'டூம்ஸ்டே' பேரேட்டில் வெலிங்டனும் இடம்பெறுகின்றது. படையெடுப்பிற்கு முன் அதனை வைத்திருந்தவன் வெள்ளைத் தேர்க்கில் என்றும், அப்போது அது கழுதை என்ற பட்டப்பெயர் கொண்ட ஹியூ என்னும் நோர்மானியப் பிரபுவின் கையில் உள்ளதென்றும் அது கூறுகின்றது. தேர்க்கில் எழுதுவித்த சுவிசேஷ நூல் இன்றும் ஹெரிபோட் பேராலயத்திலேயே இருக்கின்றது.