கியர் பாக்ஸுக்கு மைனஸ் 40 டிகிரியா?

மார்கழி மாதத்தில்கூட நம்ம புதுச்சேரியில் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆனால் நம்ம ஊர்க் கார் ஒன்று, தன் கியர் பாக்ஸ் ஆயில் மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாகச் சாதித்தது! அது ஏன் அப்படிச் சொன்னது, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. பயப்படாதீங்க, ஓம் விதி தெரிந்தால் போதும்.

ஆயிலுக்கு எதற்குத் தெர்மாமீட்டர்?

ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில்தான் அழுத்தம் கொடுத்து கியரை மாற்றுகிறது. ஆயில் குளிர்ந்திருந்தால் கெட்டியாக இருக்கும்; சூடானால் இளகிவிடும். ரொம்பச் சூடானால் கெட்டே போய்விடும். அதனால் காரில் உள்ள கம்ப்யூட்டர் ஆயிலின் சூட்டைப் பார்த்துத்தான் கியர் மாற்றும். அந்தச் சூட்டைச் சொல்வது தெர்மிஸ்டர் என்ற சின்ன சென்சார்.

இதன் குணம் வேடிக்கையானது. செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும். தெர்மிஸ்டரில் தலைகீழ்: சூடு ஏற ஏற மின்தடை குறையும். வெள்ளி சல்ஃபைடில் இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்திருக்கிறார்!

கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கிறது?

கம்ப்யூட்டர் தனக்குள் இருக்கும் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. அது ஒரு ஒயரில் சென்சாருக்குப் போய், இன்னொரு ஒயரில் திரும்பி வருகிறது. உள்ளே இருப்பது 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் கணக்குக்காக, வண்டிக்கு வண்டி மாறும்.) ஆயில் குளிர்ந்திருக்கும்போது சென்சார் 4,000 ஓம் என்றால், சென்சாருக்குக் கிடைக்கும் பங்கு 4 வோல்ட். சூடாகி 250 ஓம் ஆனால் 1 வோல்ட். வோல்ட் அதிகம் என்றால் குளிர்ச்சி, குறைவு என்றால் சூடு. அவ்வளவுதான்!

சரி, ஒயர் அறுந்துபோனால்? மின்னோட்டமே இல்லை, முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் "ஐயோ, பயங்கரக் குளிர்" என்று நினைத்து மைனஸ் 40 காட்டும். இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்? 0 வோல்ட். "கொதிக்குது" என்று அளவின் உச்சத்தைக் காட்டும். முதல் வகைக்குப் பிழை எண் பி 0713, இரண்டாவதுக்கு பி 0712.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த எண் "சென்சார் கெட்டுவிட்டது" என்று சொல்லவில்லை. "இந்தச் சுற்றில் எங்கோ கோளாறு" என்று மட்டும்தான் சொல்கிறது. சுற்றில் சென்சார், ஒயர், கனெக்டர், கம்ப்யூட்டர் நான்கும் உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

நிஜமாக நடந்தது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம்ம ஊருக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது யாருக்கும் மறந்திருக்காது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை! எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். இடது முட்டியில் ஆபரேஷன் ஆனதால் கிளட்ச் மிதிக்க முடியாது; அதனால் ஆட்டோமேட்டிக் கார். அது இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. மூன்று மாதம் கழித்து விளக்கு எரிந்தது, வண்டி மேல் கியருக்குப் போக மறுத்தது. ஓர் இடத்தில் கியர் பாக்ஸையே மாற்றணும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். தாத்தா வண்டியையே விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

கார் மெக்கானிக்கான என் மாமா, "விக்கிறதுக்கு முன்னாடி ஒருநாள் என்கிட்ட விடுங்க தாத்தா" என்றார். அவர் செய்தவற்றை நான் கூடவே நின்று எழுதிக்கொண்டேன்:

1. ராத்திரி முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனர் போட்டார். இன்ஜின் தண்ணீர் 28 டிகிரி. ஆயிலும் அதே அளவில்தானே இருக்கணும்? மைனஸ் 40 காட்டியது. ஆகவே எங்கோ அறுந்திருக்கிறது.

2. கியர் பாக்ஸ் கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்தில் சென்சாரின் இரண்டு முனைகளையும் சின்னக் கம்பியால் இணைத்தார். ஒயர் நன்றாக இருந்தால் ஸ்கேனர் உச்சச் சூடு காட்டணும். அப்போதும் மைனஸ் 40! கோளாறு சென்சாருக்கு இந்தப் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது.

3. சந்தேகம் தீர, கியர் பாக்ஸ் பக்க முனைகளில் சென்சாரின் ஓம் அளந்தார். கம்பெனிப் புத்தக அளவுக்குச் சரியாக இருந்தது.

4. ஒயர் பக்கத்தில், ஒரு முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 5 வோல்ட் வந்தது. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒன்றும் வரவில்லை. போகிற ஒயர் சரி. திரும்பி வருகிற ஒயர்தான் துண்டிப்பு.

அந்த ஒயரைத் தடவிக்கொண்டே போனால், பேட்டரிக்குக் கீழே ஒரு இணைப்பில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. செம்பு அரித்துப் பொடியாகியிருந்தது. வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயர் வைத்து ஈயப்பற்று போட்டு, தண்ணீர் புகாமல் உறை மாட்டினார். உடனே ஸ்கேனரில் 29 டிகிரி! செலவு 400 ரூபாய். வண்டி இன்றும் ஓடுகிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 10,000 ஓம் தெர்மிஸ்டர் சில ரூபாய்க்குக் கிடைக்கும். மல்டிமீட்டரில் இணைத்து விரலால் பிடியுங்கள், ஓம் இறங்கும். பிளாஸ்டிக் பையில் சுற்றி வெந்நீரில் வையுங்கள். பாதிக்கும் கீழே போய்விடும்.

ஓர் எச்சரிக்கை: கார் கனெக்டரில் பல முனைகள் இருக்கும். ஒயர் படம் பார்க்காமல் கம்பி செருகினால் கம்ப்யூட்டரே போய்விடும். அதைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஆனால் கேள்வி கேட்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் கார், மோட்டார், ஃபிரிட்ஜ் எது நின்றாலும், "இந்தப் பார்ட் போச்சு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால், "எதை அளந்து பார்த்தீங்க அண்ணா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அளந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.