மனம் விட்டுப் பேச ஓர் ஆள்
தமிழிலேயே பேசலாம், காசு செலவில்லை

ஊரில் கடன். இங்கே வாடகை. மேஸ்திரி தர வேண்டிய கூலி பாக்கி. வீட்டுக்குப் போன் செய்தால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியாக வேண்டும். பக்கத்து அறைக்காரருக்கோ தமிழ் தெரியாது. இப்படி நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறவர்கள் வெளிமாநிலத் தமிழர்களில் அநேகம் பேர்.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1 லட்சத்து 70 ஆயிரத்து 924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளிகள்.

டீ கொடுத்த தொண்டர்கள்

துயரப்படுவோருக்குக் காது கொடுக்கும் சேவை லண்டனில் பிறந்தது. சாட் வாரா என்ற இளம் பாதிரியார் 1935-ல் 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்தார். பூப்பெய்தியதை ஏதோ கொடிய நோய் என்று பயந்து உயிரை விட்டவள் அவள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒருவரும் இல்லை. இது அவர் மனதை உறுத்தியது. 1953-ல் தம் தேவாலயத்தில் டெலிபோன் வைத்து, உயிரை விட நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார்.

நேரிலும் பலர் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள் சில தொண்டர்கள். அதிலேயே பலருக்குப் பாரம் இறங்கிவிட்டது. பாதிரியாரைப் பார்க்காமலேயே திரும்பினார்கள்! 1954-ல் அந்த வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் 'சமாரிட்டன்ஸ்'.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'ஸ்நேகா'வும் இதே வழிதான். உபதேசம் கிடையாது. பொறுமையாகக் கேட்பார்கள். ரகசியம் வெளியே போகாது.

எண் 14416

மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. அதற்குத் தலைமை மையம் பெங்களூரு ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ். 14416-க்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். 20 மொழிகளில் தமிழும் ஒன்று.

முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். சிகிச்சை தேவை என்றால் மனநல டாக்டரிடம் இணைப்பார்; ஆஸ்பத்திரிக்கும் வழி சொல்வார்.

போலீஸ் வருமா?

சொன்னால் கேஸ் போடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. அது பழைய 309-வது பிரிவு தந்த பயம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் 309-வது பிரிவு இடம்பெறவில்லை.

கூட இருப்பவர்கள் கவனிக்க

ஒருவர் சாப்பாடு, தூக்கம் இழந்து, "நான் இல்லாவிட்டால்தான் நல்லது" என்று பேசினால் விளையாட்டாக எண்ணக் கூடாது. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் போட்டுக் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112.

அறைச் சுவரில் காஸ் கம்பெனி நம்பர் எழுதியிருக்கும் இடத்தில் 14416-ஐயும் எழுதி வைக்கலாம்.